சிவப்பு வளைவில் யாருடைய கை

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உன் மகள் கடுகும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றுகொண்டே கையுறை வெட்டுகிற வேலைக்கு வெந்நீர் ஒத்தடம் மட்டும் போதாது, ஞாயிற்றுக்கிழமையாவது படு.

உன் மகள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். என் வகுப்பில் மூன்று, மூன்றரை வயதில் இருபத்திரண்டு வாண்டுகள், அதில் அவளும் ஒன்று. சலுகை கிடையாது.

போன் விஷயத்தை மறுபடி கேட்டிருந்தாய். பெரிய டீச்சர் அதையேதான் சொல்கிறார். நீ பேசி வைத்த பிறகு இரண்டு நாள் பிள்ளை சுருண்டு கிடக்கிறாள், கொஞ்ச காலம் குரல் வேண்டாம், கடிதம் போதும் என்கிறார். இருபது வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவர், தெரியாமலா சொல்வார்.

இந்தப் பருவத்துக்கு எங்களுக்கு வானவில் பாடம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு வாரம் எதைத் தொட்டாலும் வானவில்தான். முதல் நாள் ஏழு கிண்ணம் வைத்து, பாட்டில் மூடிகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னேன். கருநீலத்துக்கும் ஊதாவுக்கும் வெட்டுக்குத்து ஆகிவிட்டது. மறுநாள் ஜன்னலோரம் டம்ளரில் தண்ணீர் வைத்து, வெயில் அதில் புகுந்து வெள்ளைத்தாளில் ஏழு நிறமாக விழும்படி செய்தேன். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். உன் மகள் மட்டும் அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்கப் பார்த்தாள். அது கைமேல் ஏறிக்கொண்டதும் என்னைப் பார்த்து, "புடி, புடி" என்று கத்தினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். முதுகும் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சமாதானமாகிவிட்டன. உனக்குத் தொண்டைக் கரகரப்பு போனதா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூடி, கிண்ணம், டம்ளர், வெயில் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: அவள் என்னைக் கேட்கிறாளா? அதற்கு நீ பதில் எழுதவில்லை. சரி, மறந்திருப்பாய்.

இன்னொன்று. "புடி, புடி" என்று கத்தினாள் என்று எழுதினாயே, அதற்கு முன்னால் ஒரு சொல்லை அடித்து மை பூசியிருக்கிறாய். ஜன்னலில் ஒட்டிவைத்து வெயிலில் பார்த்தேன், பின்பக்கம் விரலால் தடவியும் பார்த்தேன். தெரியவில்லை. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி, "எழுத்துப் பிழையா இருக்கும், விடுங்களேன்" என்கிறாள். நீ பள்ளியிலேயே பிழை விட்டதில்லை.

வெட்டுமேசையில் நிற்கும்போது கை வேலை செய்கிறது, மனசு அங்கே ஓடிவிடுகிறது. நேற்று ஒரு தோலைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லித்தான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தோம். அந்தக் காரம் இப்போதும் இருக்கிறதா? அடம் பிடிக்கிறாளா? யாரையாவது கடித்தாளா? அதையெல்லாம் எழுது.

அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். தொண்டை சரியாகிவிட்டது. யாரையும் கடிக்கவில்லை. ஒரு பையனின் பசைக் குச்சியை மட்டும் கொஞ்சம் தின்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

இந்த வாரம் "நடக்கும் தண்ணீர்" செய்தோம். ஏழு டம்ளரை வரிசையாக வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றில் சிவப்பு, மஞ்சள், நீலம், மறுபடி சிவப்பு என்று சாயத் தண்ணீர். நடுவில் உள்ளவை காலி. பக்கத்துப் பக்கத்து டம்ளர்களுக்கு இடையே மெல்லிய காகிதத்தை மடித்துப் பாலம் போட வேண்டும். காகிதம் வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கி, காலி டம்ளரில் போய்க் கலக்கும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஆரஞ்சு ஆகும். ஆனால் மெதுவாக, மறுநாள் வரை ஆகும். பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை எங்கே? ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "நடந்துடுச்சா?" என்று கேட்டு என் உயிரை எடுத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு உதவி. மாதக் கடைசியில் கண்காட்சி. ஒவ்வொரு பிள்ளையும் பெரிய அட்டையில் ஒரு வானவில் செய்ய வேண்டும். நடு வளைவுகளில் கிழித்த காகிதம், மூடி, பஞ்சு, நூல். உள் வளைவு ஊதா, அதில் பிள்ளையின் கை அச்சு. வெளி வளைவு சிவப்பு, அதில் அம்மாவின் கை அச்சு வரிசையாக. பெரிய டீச்சரின் யோசனை. ஊரில் இல்லாத அம்மாக்கள் கையை வைத்து வரைந்து அனுப்பினால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். நீ ஒரு கை வரைந்து அனுப்பு, நான் அதைப் பார்த்து மற்றதை வெட்டிக்கொள்கிறேன்.

தங்கை

ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அவளும் நலம் என்று எழுதினாலும் நம்புவதற்கு ஒரு நாள் ஆகிறது.

ஒரு கை வரைந்து அனுப்பச் சொல்கிறாய், யாரிடம் சொல்கிறாய் பார். இங்கே எனக்கு அதுதானே பிழைப்பு. தோலின்மேல் வைத்து வரைகிற அளவு அட்டையில் பதினாறு கை வெட்டியிருக்கிறேன். எல்லாமே இடது கை, ஏனென்றால் வலது கை கத்திரியைப் பிடித்திருந்தது. நீ ஒன்றும் வெட்ட வேண்டாம், சிவப்புச் சாயம் பூசி ஒட்டினால் போதும். ஒட்டும்போது அவளையே ஒட்டச் சொல். ஒவ்வொன்றையும் அவள் கையில் கொடுத்து, "இது உங்க அம்மா கை" என்று சொல். பதினாறு தடவை சொல்.

என்னுடைய பத்து மாத ஒப்பந்தம் நவம்பர் இருபதோடு முடிகிறது, அது உனக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கடுகின் அப்பா போன பிறகு என்னை ஒரு வேலைக்காரியாக மதித்துக் கேட்ட முதல் இடம் இது. ஆனால் நாக்கில் "சரி" வரவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

அவள் என்னைக் கேட்கிறாளா? மூன்றாம் முறை கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண்காட்சி வேலையில் மூச்சுவிட நேரமில்லை, அதனால்தான் தாமதம்.

நல்ல கூட்டம். வகுப்பின் கூரையிலிருந்து பஞ்சு மேகங்களைத் தொங்கவிட்டோம், அதிலிருந்து ஏழு நிற நாடாக்கள். ஒரு அப்பா நிமிர்ந்து பார்க்காமல் வந்து நாடாவில் மாட்டிக்கொண்டார், மூன்று மேகம் அவர் தலையில். பிள்ளைகள் அதையும் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டு கைதட்டினார்கள். கடுகின் வானவில்லை எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஊதா வளைவில் தன் கையைப் பதிக்கும்போது முழங்கை வரை சாயம். மூன்று நாள் தேய்த்தும் நகக்கண்ணில் ஊதா போகவில்லை.

ஒரு வருஷம் நீட்டிப்பதைக் கேட்டிருந்தாய். நல்ல வாய்ப்பு, இருந்துவிட்டுத்தான் வாயேன். இங்கே ஒரு குறையும் இல்லை. பிள்ளை பழகிவிட்டாள். நடுவில் வந்து கலைத்தால் அவளுக்குத்தான் கஷ்டம்.

தங்கை

ஆகஸ்ட் 10

தங்கைக்கு,

சுகம். உன் சுகத்தையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

நான் அனுப்பிய கைகள் வந்தனவா, இல்லையா? கூரை, மேகம், நாடா, யாரோ ஒரு அப்பாவின் தலை வரைக்கும் எழுதியிருக்கிறாய். பதினாறு கையைப் பற்றி ஒரு வரி இல்லை. தபாலில் தொலைந்திருந்தால் தொலைந்தது என்று எழுது. அழமாட்டேன்.

"நடுவில் வந்து கலைத்தால்" என்று எழுதியிருக்கிறாய். நான் கலைக்கிறவளா? அந்த வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அதை எழுதும்போது நீ யோசித்து எழுதினாயா, கை தானாக எழுதியதா?

அவளுடைய வானவில்லை எனக்கு அனுப்பிவை. சுருட்டி, மேலே துணி சுற்றி அனுப்பினால் கசங்காது. இங்கே கட்டிலுக்கு எதிரே சுவர் வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டிப்புக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

அக்கா

செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

வானவில்லைச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். பள்ளிச் சுவரிலிருந்து எடுக்க இவ்வளவு நாளாகிவிட்டது. கைகள் வந்தன. அட்டை தடிமனாக இருந்ததால் ஒட்டினால் பெயர்ந்து விழுந்தது. அதனால் அதன்மேல் சாயம் பூசி அச்சாகப் பதித்தோம். பதிந்திருப்பது உன் கைதான். அவளே பதித்தாள், நீ சொன்னபடி சொல்லிக்கொண்டே கொடுத்தேன். மூடி இரண்டு உதிரலாம், பசை போட்டு ஒட்டிக்கொள்.

வகுப்பில் இப்போது பாசி கோக்கிறோம். ஏழு நிறத்தையும் வரிசை தப்பாமல் கோக்கிறாள். விரல் நன்றாகப் படிகிறது, உன்னை மாதிரியே.

தங்கை

செப்டம்பர் 12

தங்கைக்கு,

வானவில் வந்தது. ஊதா வளைவில் அவள் கையின்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். வளர்ந்திருக்கிறாள். அதற்கு ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் சிவப்பு வளைவைப் பார்த்தேன்.

அடியே, நான் எட்டு மாதமாகக் கை வெட்டுகிறேன். ஒரு நாளைக்கு இருநூறு கை. தெருவில் போகிறவர்கள் கையைப் பார்த்தாலே அளவு வாயில் வருகிறது. கையுறைக் கணக்கில் என் கை ஏழரை. இந்தச் சுவரில் இருப்பது ஆறரை. சாயம் பரவினால் கால் அளவு கூடும், அதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அட்டைக்கு ரேகை கிடையாது, இதில் ரேகை ஓடுகிறது. நான் அனுப்பியது இடது கை, இவை பதினாறும் வலது கை; அட்டையைப் புரட்டிப் பதித்தேன் என்று சொன்னாலும் ரேகை வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தாயே, அதையும் யாரிடம்?

அது உன் கை. அம்மாவின் கை இருக்க வேண்டிய இடத்தில் உன் கை இருக்கிறது.

ஏன் என்று எழுது. சுற்றி வளைக்காதே, வானவில் வேண்டாம், பாசி வேண்டாம். ஏன் என்று மட்டும் எழுது.

அக்கா

அக்டோபர் 5

தங்கைக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உன் கீழ்வீட்டு அம்மாவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்தேன். பெரிய டீச்சர் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றுதான் செய்தேன். மூன்று தடவையும் நீ தலை குளித்துக்கொண்டிருந்தாயாம். ஒரு மனுஷிக்கு அவ்வளவு முடியா?

பிள்ளையையாவது கூப்பிடுங்கள் என்றேன். அந்த அம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உங்க அம்மா போன்ல இருக்காங்க, வாடி" என்றாள். மேலேயிருந்து என் மகளின் குரல் கேட்டது. ஆறு மாதம் கழித்துக் கேட்கிறேன்.

"அம்மா இங்கதானே குளிக்கிறாங்க" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாள் வேலைக்கும் போகவில்லை. நீ அடித்து மை பூசிய சொல் எது என்று இப்போது தெரிகிறது.

இந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை என்றால் சொல்லாமல் கிளம்பி வந்து நிற்பேன்.

அக்கா

அக்டோபர் 16

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

உன் பொட்டலம் கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் வந்தது. நேரத்துக்குத்தான் வந்தது. மேசையில் விரித்து, உன் கைமேல் என் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு நகம் அளவு என்னுடையது குட்டை. அதற்குள் கடுகு வந்து, "இது யாரு கை?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கை இல்ல, அளவு அட்டை" என்றேன். எடுத்து அலமாரியில் நிறக்காகிதக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். மறுநாள் கண்காட்சி தொடங்குவதற்கு முன் வகுப்பில் எல்லா அம்மாக்களும் சிவப்புச் சாயத்தில் கையைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் என் கையைப் பிடித்து இழுத்து, பக்கத்துப் பையனிடம், "எங்க அம்மா டீச்சர், அதனால ரெண்டு கையும் வைக்கலாம்" என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினாறு தடவை வலது கையை வைத்தேன்.

ஏப்ரலிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். முதலில் வகுப்பில் மற்ற பிள்ளைகள் தங்கள் அம்மாவைக் கூப்பிடுவதைப் பார்த்துச் சொன்னாள். திருத்தினேன். அப்புறம் காய்ச்சலில் ஒரு நாள் சொன்னாள், காய்ச்சல் பிள்ளையை எப்படித் திருத்துவது என்று விட்டேன். அதற்கப்புறம் காய்ச்சல் இல்லாமலும் விட்டேன். எனக்குப் பிடித்திருந்தது, அக்கா. மறைத்து என்ன, பிடித்திருந்தது. இந்த வயசு வரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இனி கூப்பிடுவார்கள் என்றும் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. போன் வேண்டாம் என்று பெரிய டீச்சர் சொல்லவே இல்லை. அவர் வாரம் ஒரு தடவையாவது பேசட்டும் என்றுதான் சொன்னார். நீ பேசி வைத்த பிறகு அவள் அழுதது உண்மை. ஆனால் அரை நாள்தான் அழுதாள். அதை இரண்டு நாள் என்று எழுதியது நான்.

நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று மட்டும் என் வாயால் சொல்ல வரவில்லை.

தங்கை

அக்டோபர் 26

தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது. கையில் கிடைத்த தோலை நார்நாராக வெட்டினேன். ஆறு மாதம், அடியே. அவள் குரல் மாறியிருக்கிறது. அந்த ஆறு மாதக் குரலை நீ எனக்கு எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பாய்? இந்தக் கோபம் போகாது. போய்விட்டது என்று நான் என்றைக்காவது சொன்னால் நம்பாதே.

ஆனால் காய்ச்சலில் அவள் கூப்பிட்டபோது பக்கத்தில் நான் இல்லை, நீ இருந்தாய். இதையும் நான் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டேன்.

நீட்டிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நவம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை வந்து சேருவேன். அந்த அட்டைக் கைகளைத் தூக்கிப் போடு, இனி அவற்றுக்கு வேலை இல்லை. உனக்குத் தண்டனை ஒன்றுதான். கீழே இருப்பதை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டு. ஒரு சொல்லையும் அடிக்காதே.

கடுகே, இது அம்மா எழுதுகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பது உன் சித்தி. அம்மா தூரத்தில் கையுறை வெட்டுகிற வேலைக்கு வந்தேன். வேலை முடிந்துவிட்டது, வருகிறேன். என்னைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். பயமாக இருந்தால் சித்தி பின்னால் போய் ஒளிந்துகொள். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், காத்திருப்பேன். சித்தி எங்கேயும் போகமாட்டாள்.

நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம் என்று எழுதலாமா தெரியவில்லை. காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. படிக்க உட்கார்ந்து மூன்று தடவை எழுந்தேன். ஒரு தடவை அவளைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னேன், ஒரு தடவை நான் போய்க் கழுவினேன், மூன்றாவதுக்குக் காரணமே இல்லை. அப்புறம் படித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "சித்தின்னா யாரு?" என்றாள்.

அக்கா, என்ன சொன்னாலும் நம்பியிருப்பாள். பக்கத்து வீட்டைக் காட்டியிருந்தாலும் நம்பியிருப்பாள்.

"நான்தான்" என்றேன்.

"நீ அம்மா" என்றாள்.

"இல்லடா. அம்மா வரப்போறாங்க. நான் சித்தி."

"நீ பொய் சொல்ற" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நானும் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உள்ளேயிருந்து, அவங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டாள். வெட்டத் தெரியும், நேராக, வளைவாக, எப்படி வேண்டுமானாலும் வெட்டுவார்கள் என்றேன். பெரிய கத்திரியா என்று கேட்டாள். ரொம்பப் பெரியது என்றேன். தலை மட்டும் வெளியே வந்தது.

இன்று காலை வகுப்பில் என்னை இரண்டு தடவை அம்மா என்று கூப்பிட்டாள். முதல் தடவை திருத்தினேன். இரண்டாம் தடவை, "என்னடா" என்று கேட்டுவிட்டேன். உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வரை காத்திருக்காதே. லீவு கொடுத்தால் முன்னாலேயே கிளம்பு. என் மனசு மாறுவதற்குள் வந்துவிடு.

உன் தங்கை,
கடுகின் சித்தி